தேர்வு பிள்ளைக்கா, பெற்றோருக்கா?



சில ஆண்டுகளுக்கு முன், காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்கள் பிள்ளைகளின் கைக்கு வந்திருந்த நேரம். மஃரிபுத் தொழுகைக்குப் பின் எங்கள் மக்தப் மதரஸாவில் ஓதி முடித்த சிறுவர்கள் கலைந்து கொண்டிருந்தனர். மூன்றாம் வகுப்பில் படிக்கும் ஒருவன் மட்டும், எல்லோரும் போகும்வரை காத்திருந்தான். பிறகு, ரைஹாலுக்கு அடியில் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினான்.

“ஹஜ்ரத், இதுல நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

அது கணக்கு விடைத்தாள். அறுபதுக்குப் பதினெட்டு. பெற்றோர் கையொப்பமிடும் இடம் வெறுமையாக இருந்தது.

“இது உன் அப்பா போடவேண்டிய கையெழுத்தல்லவா? அடிப்பார் என்று பயமா?”

இல்லை என்று தலையசைத்தான். “அப்பா அடிக்க மாட்டாரு ஹஜ்ரத். அம்மியைத்தான் திட்டுவாரு.”

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எட்டு வயதுப் பாலகன் தன் தாய் ஏச்சு வாங்கக் கூடாதே என்பதற்காக ஊரில் வேறொரு கையெழுத்தைத் தேடி அலைகிறான்! அதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. தேர்வு வாரத்தில் மக்தபுக்கு வரவில்லை என்பதற்காக, இரண்டு நாள்களுக்கு முன்புதான் அதே பிள்ளையை நான் அரைமணி நேரம் நிற்க வைத்திருந்தேன். ஆக, வீட்டிலும் தேர்வு, பள்ளியிலும் தேர்வு, அல்லாஹ்வின் வேதத்தை ஓத வந்த இடத்திலும் தேர்வு!

மறுநாள் இஷாவுக்குப் பின் அவனை அழைத்துக்கொண்டு அவன் இல்லத்திற்குச் சென்றேன்.

பதினெட்டுக்குள் ஒளிந்திருந்த செய்தி

அந்தத் தந்தை கொடியவர் அல்லர். சிறு கடை வைத்துப் பிழைப்பவர். எங்கள் திருவண்ணாமலையில் பௌர்ணமி வந்துவிட்டால் கிரிவலம் வரும் இலட்சக்கணக்கான மக்களால் ஊர் நிரம்பிவிடும். அத்தகைய நாள்களில் விடிய விடியக் கடையில் நின்றுவிட்டு, பிள்ளை பள்ளிக்குப் புறப்படும்போதுதான் வீடு திரும்புவார். “நான் எட்டாவதோட நின்னவன் ஹஜ்ரத். இவனாவது நாலு எழுத்துப் படிக்கணும்னுதான் கோபப்படறேன்” என்றார். அவருடைய சினத்திற்கு அடியில் இருந்தது அச்சம்தான்.

விடைத்தாளை விரித்து மூவரும் பார்த்தோம். கூட்டல், கழித்தல், பெருக்கல் என எண்களாகக் கொடுக்கப்பட்ட கணக்குகள் ஏறத்தாழ எல்லாமே சரி. வாக்கியமாகக் கொடுக்கப்பட்ட கணக்குகளில்தான் ஒன்றையும் அவன் தொடவேயில்லை. அப்போது திரைக்குப் பின்னிருந்து தாயின் குரல் வந்தது: “வாயால கேட்டா எல்லாம் சொல்றான் ஹஜ்ரத். தமிழ்ல நீளமா எழுதியிருந்தா வாசிக்க வரல.”

உண்மை வெளிப்பட்டுவிட்டது! பிள்ளைக்குக் கணக்கு வரும், வாசிப்புத்தான் வரவில்லை. அந்த வீட்டில் பேசப்படுவது உருது. பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியில் இத்தகைய முஸ்லிம் இல்லங்கள் ஏராளம். அந்தப் பிள்ளை காலையில் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாக எழுதுகிறது. மாலையில் என்னிடம் அரபியை வலமிருந்து இடமாக ஓதுகிறது. வீட்டில் பேசுவதோ இவற்றுள் எதுவுமன்று. எட்டு வயதிற்குள் இத்தனை சுமை! நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி ‘அரபுத்தமிழ்’ என்றொரு மரபையே வளர்த்தனர். பள்ளிக்கூடம் போகாத பெண்மணிகளும் அதன் வழியே மார்க்க நூல்களைக் கற்றனர். இரு எழுத்து மரபுகள் நமக்குச் சுமையாக மட்டுமன்றிச் செல்வமாகவும் இருந்திருக்கின்றன. ஆனால், பிள்ளை எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்பதைக் கவனிக்க வீட்டில் ஒருவர் வேண்டும்.

எனவே சகோதரர்களே, மதிப்பெண்ணைப் பார்ப்பதோடு நின்றுவிடாதீர்கள்; விடைத்தாளைப் படியுங்கள். “எத்தனை வாங்கினாய்?” என்ற கேள்விக்குக் கிடைப்பது ஓர் எண். “எந்த இடத்தில் நின்றுவிட்டாய்?” என்ற கேள்விக்குக் கிடைப்பதுதான் வழி.

தொடக்கப் பள்ளியில் தோல்வி ஏது?

பலர் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. 2009-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்தி வைக்கலாகாது என்றது. 2019-இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் பிள்ளைகளை நிறுத்தி வைக்க மாநிலங்களுக்கு இடமளிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் தமிழக அரசும் அவ்விரு வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வை அறிவித்தது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வா என்று எழுந்த எதிர்ப்பினால் 2020 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் விதிகளை மாற்றியபோதும், எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் தேர்ச்சி என்பதே தொடரும் எனத் தமிழக அரசு அறிவித்தது.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்த இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூனில் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தையும் எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்ப ‘அரும்பு, மொட்டு, மலர்’ என்று வகுத்து அதில் கற்பித்தனர். அரும்பை யாரேனும் “நீ ஏன் மலரவில்லை?” என்று அடிப்பார்களா?

இதனால் தேர்வே வேண்டாம் என்று நான் கூறவில்லை. நோயாளியின் உடற்சூட்டை அளக்க மருத்துவருக்கு வெப்பமானி வேண்டும். ஆனால், சூடு அதிகம் என்பதற்காக நோயாளியை ஏசும் மருத்துவர் உண்டா?

மண்சரிவு கற்பித்த பாடம்

2024-ஆம் ஆண்டின் அரையாண்டுத் தேர்வை எங்கள் ஊர் மறக்காது. ஃபெஞ்சல் புயல் கொட்டிய பெருமழையில், டிசம்பர் 1 அன்று அண்ணாமலையார் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண் சரிந்து வீட்டின் மீது விழுந்தது. மாண்டவர் ஏழு பேர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பள்ளிகளுக்கு அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

அந்த நாள்களில் எங்கள் தெருவில் எந்தத் தாயும் வாய்ப்பாடு கேட்டுப் பிள்ளையை அதட்டியதை நான் கேட்கவில்லை. மதம், இனம் பாராது எல்லா வீடுகளிலும் பிள்ளைகளை மடியில் இருத்திக்கொண்டனர். நமக்கு அருளப்பட்ட அமானிதம் எது, அதன்மேல் நாம் ஒட்டிவைத்த மதிப்பெண் எது என்பது அன்று எல்லோருக்கும் விளங்கியது. அந்த விளக்கம் அடுத்த தேர்வு வரையிலாவது நீடிக்க வேண்டாமா?

நடுக்கத்தைப் போர்த்திய இல்லம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஹிரா குகையில் முதல் வஹீ அருளப்பட்ட நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். ஓதுமாறு ஜிப்ரீல் (அலை) அவர்கள் மும்முறை பணித்தார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் நெஞ்சம் நடுங்க இல்லம் திரும்பினார்கள். அந்த மாபெரும் நிகழ்ச்சியை நம் சிறு காரியங்களோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று. ஓர் இல்லம் எவ்வாறு இருக்கவேண்டும் என்பதை அங்கிருந்தே நாம் கற்கவேண்டும். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் எடுத்த எடுப்பில் கேள்வி கேட்கவில்லை. முதலில் போர்வையால் போர்த்தினார்கள். நடுக்கம் தணிந்த பின்னரே பேச்சு. அப்போதும், உறவைப் பேணுதல், எளியோரின் சுமையைத் தாங்குதல், விருந்தினரை உபசரித்தல் ஆகிய நற்பண்புகளை எடுத்துக்கூறி, அல்லாஹ் தங்களைக் கைவிடமாட்டான் என்று தேற்றினார்கள்.

தேர்வு முடிந்து முகம் வாடி வரும் பிள்ளைக்கு நம் இல்லத்தில் முதலில் கிடைப்பது போர்வையா, விசாரணையா?

சிறுவராக வந்து பெருமானாருக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், அக்காலம் முழுவதும் ‘ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை’ என்று ஒருமுறைகூடக் கடிந்து கேட்கப்பட்டதில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். நாம் ஒரு வாரம் அப்படி இருந்து பார்க்கலாம்.

தேர்வு வாரத்தில் செய்யத்தக்கவை

உறக்கம்: ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016-இல் வரையறுத்தது. இஷாவுக்குப் பின் வீண்பேச்சை வெறுத்த நபிவழியும் நமக்கு உண்டு. தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் முதலில் பெரியவர்கள் அணைக்கட்டும். பஜ்ருக்குப் பின்னுள்ள அமைதியான வேளையில் அரைமணி நேரம் படித்தது, நள்ளிரவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்ததைவிட மனத்தில் நிற்கும்.

மக்தப்: தேர்வு என்றதும் ஓதுவதை முற்றிலும் நிறுத்திவிடும் பெற்றோர் பலர். மார்க்கக் கல்வி, இடைஞ்சல் வந்தால் முதலில் கைவிடத்தக்கது என்ற பாடத்தைப் பிள்ளை அப்போதே கற்றுக்கொள்கிறது. என் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு சொல்: அந்த வாரம் புதுப் பாடம் வேண்டாம். நான் இப்போது தேர்வு நாள்களில் அரைமணி நேரம் பழைய பாடத்தை மட்டும் ஓதவைத்து, துஆச் செய்து அனுப்பிவிடுகிறேன். யாரையும் நிற்க வைப்பதில்லை.

நோன்பும் பெருநாளும்: 2024-இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 11 அன்று வந்தது. ஏப்ரல் 10, 12 தேதிகளில் நடக்கவிருந்த நான்கு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான ஆண்டுத் தேர்வுகள், பெருநாளை முன்னிட்டு ஏப்ரல் 22, 23 தேதிகளுக்கு மாற்றப்பட்டன. முறையாகக் கேட்டால் வழி பிறக்கும் என்பதற்கு இது சான்று. ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ பதினொரு நாள்கள் முன்னோக்கி நகர்வதால், அது எந்தத் தேர்வோடு மோதும் என்பதை நாம் முன்னதாகவே கணக்கிட்டு வைக்கலாம். பருவமடையாத பிள்ளைகள் மீது நோன்பு கடமையன்று. ஆர்வத்தால் நோற்கும் பிள்ளையைப் பாராட்டுங்கள். தேர்வு நாளில் சோர்ந்தால் வற்புறுத்தாதீர்கள். பெருநாள் துணி வாங்கும் அலைச்சலையும் தேர்வுக்கு முந்திய இரவில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒப்பீடு: பெரியப்பா மகனின் மதிப்பெண்ணை உணவுத் தட்டின் முன் பேசாதீர்கள். சோறு தொண்டையில் இறங்காது. பெரியப்பா மகன்மீது பகைதான் வளரும்.

தந்தைமார்களே! பிள்ளையின் படிப்பு தாயின் தனிப்பொறுப்பன்று. அவள் மூன்று வேளைச் சமையலுக்கும் இளையதன் அழுகைக்கும் நடுவில்தான் பாடம் சொல்லித் தருகிறாள். குறைந்த மதிப்பெண்ணுக்கு அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், பிள்ளை கற்பது கணக்கையன்று, பொய்க் கையெழுத்தை!

அந்தக் கையெழுத்து

அன்றிரவு அந்தத் தந்தை சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு மகனிடமே பேனாவைக் கேட்டு வாங்கிக் கையொப்பமிட்டார். “நாளையிலிருந்து கடைக்கு வர்ற தமிழ்ப் பேப்பரை ராத்திரி எனக்கு நீ படிச்சுக் காட்டு” என்றார். எட்டாம் வகுப்போடு நின்ற மனிதர் தம் மகனுக்குக் கொடுத்த மிக நல்ல பாடம் அது.

அரையாண்டுத் தேர்வில் அவன் எத்தனை வாங்கினான் என்று நான் கேட்கவில்லை. விடைத்தாள் வந்த மாலை, மக்தப் விட்டதும் முதல் ஆளாய் எழுந்து வீட்டிற்கு ஓடினான். ரைஹாலின் அடியில் எதுவும் இல்லை. அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

நம் மழலைச் செல்வங்களுக்குப் பயன் தரும் கல்வியையும், அதை அன்போடு ஊட்டும் பொறுமையை நமக்கும் வல்ல ரஹ்மான் தந்தருள்வானாக! ஆமீன்.