எடைக்கு எடை பார்த்தால் சூரியனை மிஞ்சுவது நீங்கள்தான், தெரியுமா?

சூரியன் எரியவே இல்லை, தெரியுமா? எரிவதென்றால் ஆக்சிஜனோடு சேர்ந்து தீப்பிடிக்க வேண்டும். அங்கே அப்படி எந்தத் தீயும் கிடையாது. சூரியன் முழுவதும் நிலக்கரியாகவே இருந்து, அதற்குத் தேவையான காற்றும் கிடைத்து, இதே வெளிச்சத்தைக் கொடுத்திருந்தால் சில ஆயிரம் ஆண்டுகளில் சாம்பலாகியிருக்கும். ஆனால் அதற்கு வயது 460 கோடி! இன்னும் ஏறக்குறைய 500 கோடி ஆண்டுகளுக்குக் கையிருப்பு வேறு இருக்கிறது!

அப்படியானால் நடப்பது என்ன? அணுக்கரு இணைவு. நடுமையத்தில் ஒவ்வொரு நொடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறுகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்கும் அதிகமான பொருள் அப்படியே ஆற்றலாகிப் போய்விடுகிறது. நொடிக்கு நொடி இவ்வளவு எடை குறைந்தால் இந்நேரம் இளைத்துத் துரும்பாகியிருக்க வேண்டாமா? இல்லவே இல்லை! பிறந்ததிலிருந்து இன்றுவரை வெளிச்சமாகக் கரைந்ததை எல்லாம் கூட்டினாலும் நூறு பூமிகளின் எடைகூடத் தேறாது. சூரியனின் எடையோ 3,33,000 பூமிகள்! சூரியக் குடும்பத்தின் மொத்தப் பொருளில் 99.8 சதவீதத்துக்கும் மேல் அதனிடமே இருக்கிறது. வியாழன், சனி, பூமி, நிலா, வால்விண்மீன்கள் எல்லாம் சேர்ந்து மிச்சச் சொச்சம்தான்.

இனிதான் நான் யாரைக் கண்டாலும் நிறுத்திச் சொல்லும் செய்தி. சூரியனின் நடுமையத்தில் வெப்பம் ஒன்றரைக் கோடி டிகிரி. அங்கே ஒரு கன மீட்டர் இடத்தில், அதாவது 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி அளவில், எவ்வளவு மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் பிறக்கும் என்று நினைக்கிறீர்கள்? கோடி வாட்? லட்சம் வாட்? வெறும் 280 வாட்டுக்குள்! வீட்டில் மூன்று மின்விசிறிகள் சுற்றும், நான்காவது தடுமாறும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நம் உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. சூரியனின் மொத்த ஒளியை அதன் மொத்த எடையால் வகுத்து, கிலோவுக்குக் கிலோ ஒப்பிட்டால் நீங்கள் சூரியனைவிடச் சுமார் 7,000 மடங்கு! நம்ப முடிகிறதா?

ஏன் இத்தனை மந்தம்? இரண்டு ஹைட்ரஜன் அணுக்கருக்கள், அதாவது புரோட்டான்கள், ஒன்றையொன்று விலக்குகின்றன. ஒன்றரைக் கோடி டிகிரி வெப்பம் தரும் வேகத்தில் மோதினாலும் அந்த விலக்கத்தை நேரடியாக முறியடிக்க அவற்றுக்குத் தெம்பு போதாது. குவாண்டம் விதியின்படி எப்போதாவது ஒரு ஜோடி அந்தத் தடுப்பைத் துளைத்து நுழைந்துவிடுகிறது. நுழைந்தாலும் போதாது. அந்தக் கணத்திலேயே இரண்டில் ஒன்று நியூட்ரானாக மாறியாக வேண்டும், அது அரிதினும் அரிது. ஒரு புரோட்டானுக்கு இந்த வாய்ப்பு வாய்க்கச் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகின்றன! ஒவ்வொன்றும் இப்படிக் காத்துக் கிடப்பதால்தான் சூரியன் ஒரே மூச்சில் வெடித்துச் சிதறாமல், உயிர்கள் தோன்றி வளரும் அளவுக்கு நிதானமாக ஒளிர்கிறது. இவ்வளவு மந்தமான உலை இத்தனை வெளிச்சம் தருவதற்கு அதன் பருமன் ஒன்றே காரணம். குறுக்களவு 13 லட்சத்து 92 ஆயிரம் கிலோமீட்டர், அதாவது 109 பூமிகளை வரிசையாக வைத்த நீளம்!

நடுமையத்தில் ஒரு லிட்டர் பொருளின் எடை சுமார் 150 கிலோ. ஈயத்தைவிடப் பதின்மூன்று மடங்கு அடர்த்தி, ஆனாலும் அது வாயுதான்! அந்த நெரிசலில் பிறக்கும் ஆற்றல் வெளியே வருவதற்குப் படும் பாடு கொஞ்சமா? நாலாபுறமும் முட்டி, உறிஞ்சப்பட்டு, மீண்டும் உமிழப்பட்டு, ஏழு லட்சம் கிலோமீட்டரைக் கடக்கப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. மேற்பரப்புக்கு வந்தபின் பூமியை எட்ட 8 நிமிடம் 20 நொடி போதும். இன்று காலை உங்கள் முற்றத்தில் விழுந்த வெயிலின் ஆற்றல், மனிதன் பயிரிடத் தொடங்குவதற்கு முன்பே புறப்பட்டது!

அதே இணைவில் பிறக்கும் நுண்துகள்களான நியூட்ரினோக்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. இரண்டே நொடிகளில் சூரியனை விட்டு வெளியேறிவிடும். உங்கள் கட்டைவிரல் நகத்தை ஒரு நொடி பாருங்கள். அந்த ஒரு நொடியில் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் அதன் வழியே பாய்ந்துவிட்டன! ராத்திரியிலும் நிற்பதில்லை. பூமியையே ஊடுருவிக் கட்டிலுக்குக் கீழிருந்து மேலே போகின்றன.

சூரியனின் நிறம் மஞ்சள் அல்ல, வெள்ளை, தெரியுமா? நம் காற்று நீலத்தைச் சிதறடிப்பதால்தான் மஞ்சளாகத் தெரிகிறது. அது ஒரே வேகத்தில் சுற்றுவதும் இல்லை: நடுக்கோட்டில் ஒரு சுற்றுக்கு 25 நாள், துருவங்களருகே 34 நாளுக்கும் மேல். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது சித்திரை வெயிலிலா? இல்லை, மார்கழிக் குளிரில்! ஜனவரி முதல் வாரத்தில் தூரம் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி.

ஹீலியத்தின் முதல் தடயம் பூமியில் அல்ல, சூரியனில் கிடைத்தது, தெரியுமா? அதுவும் அன்றைய சென்னை மாகாணத்து மண்ணில் நின்று பார்த்தபோது! 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணம். குண்டூரில் பிரெஞ்சு வானியலாளர் ழான்சென். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வு நிலையத்தின் போக்சன். சூரியன் மறைந்ததும் விளிம்பில் எழுந்த செந்நிறப் பிழம்பை நிறமாலைக் கருவியில் பார்த்தால் பளிச்சென்று கோடுகள்! கோடுகள் அத்தனை பிரகாசமாக இருந்ததால், கிரகணமே தேவையில்லை என்று ழான்செனுக்குத் தோன்றியது. மறுநாள் பட்டப்பகலில் அதே பிழம்பைப் பார்த்தும்விட்டார். அந்தக் கோடுகளில் ஒரு மஞ்சள் கோடு சோடியத்தோடு ஒத்துப்போகவில்லை. அக்டோபரில் இங்கிலாந்தில் வானியலாளர் லாக்கியரும் அதைக் கண்டு, பின்னர் அது ஒரு புதிய தனிமம் என்றார். பூமியில் அதே வாயுவை வேதியியலாளர் ராம்சே ஒரு யுரேனியக் கனிமத்திலிருந்து பிடித்தது 1895-இல். 27 ஆண்டுகள் கழித்து!

கொடைக்கானலுக்குப் போனால் ஏரியோடு திரும்பிவிடாதீர்கள். 1899-இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம் அங்கே இருக்கிறது. அங்கே ஆராயப்பட்ட சூரியப் புள்ளிகள் கறுப்பாகத் தெரிந்தாலும் அவற்றின் வெப்பம் சுமார் 3,500 டிகிரி. சுற்றுப்புறம் 5,500 டிகிரியில் ஜொலிப்பதால்தான் அந்தக் கறுப்பு. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கே ஒரு புள்ளியின் நிறமாலையை எடுத்தார். புள்ளியின் ஒரு பக்கத்தில் கோடுகள் இம்மி சிவப்புப் பக்கமும், மறுபக்கத்தில் இம்மி நீலப் பக்கமும் நகர்ந்திருந்தன. அந்த இம்மியளவு நகர்விலிருந்து, புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்புறமாக நொடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதைக் கண்டுபிடித்துவிட்டார்! உலகெங்கும் இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர்.

மேற்பரப்பில் 5,500 டிகிரி என்றால், அதைவிட்டு விலகிப் போகப் போகக் குளிர வேண்டும் அல்லவா? வெளி மண்டலமான கொரோனாவில் பத்து லட்சம் டிகிரிக்கு மேல்! அந்தக் கொதிப்பினால் வாயு ஓயாமல் வெளியே பாய்ந்துகொண்டிருக்கும் என்று 1958-இல் இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் கணக்குப் போட்டார். ஆய்விதழுக்காகக் கட்டுரையைப் பரிசீலித்த இருவரும் வேண்டாம் என்றார்கள். அந்த இதழின் ஆசிரியர் யார் தெரியுமா? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகர்! அவருக்கும் கருத்து பிடிக்கவில்லை. ஆனால் கணக்கில் பிழை இல்லை என்பதால் வெளியிட்டார். 1962-இல் மரினர் 2 விண்கலம் அந்தப் பாய்ச்சலை, அதாவது சூரியக் காற்றை, உறுதி செய்தது.

2018-இல் நாசா அனுப்பிய விண்கலத்துக்குப் பார்க்கரின் பெயர்தான். அது புறப்பட்டதை 91 வயதில் அவரே நேரில் பார்த்தார். 2024 டிசம்பர் 24 அன்று அது சூரியனின் மேற்பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில், மணிக்கு சுமார் 6.9 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. அந்த வேகத்தில் சென்னையிலிருந்து மதுரைக்கு மூன்று நொடிகூட வேண்டாம்! பத்து லட்சம் டிகிரி கொரோனாவுக்குள் போயும் உருகாதது எப்படி? அங்கே துகள்கள் அவ்வளவு அரிது. ஒவ்வொன்றும் பயங்கர வேகம், ஆனால் வந்து மோதுபவை கொஞ்சம்தான். அதனால் கேடயத்தைக் காய்ச்சுவது பெரும்பாலும் சூரிய ஒளியே, அதன் முகப்பு 1,000 டிகிரியை ஒட்டித்தான் சூடேறுகிறது. பதினொன்றரை சென்டிமீட்டர் தடிமனுள்ள அந்தக் கார்பன் கேடயத்தின் நிழலில் இருக்கும் கருவிகளுக்கு நம் ஊர் அறை வெப்பம், சுமார் 30 டிகிரி!