சீழ்க்கையில் மிஞ்சிய இனம்

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில், கானரித் தீவுகள் என்றொரு தீவுக் கூட்டம் இருக்கிறது. எல்லாம் எரிமலை கக்கிய பாறைகளால் ஆனவை. இன்று அவை ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்தவை. அங்குள்ளோர் பேசுவது ஸ்பானிய மொழி. வைத்துக்கொள்ளும் பெயர்களும் பெரும்பாலும் ஸ்பானியப் பெயர்களே. ஆனால் ஐரோப்பியர் இத்தீவுகளைப் பிடிக்க வந்தபோது அங்கே வேறொரு மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தனர். அவர்களுடைய மொழியைப் பேச இன்று உலகில் ஒருவர்கூட இல்லை.

அந்த மக்கள் என்ன ஆனார்கள்? 'அழிந்துபோனார்கள்' என்று பழைய நூல்கள் பல ஒரே சொல்லில் முடித்துவிட்டன. அந்தச் சொல் எவ்வளவு தூரம் சரி என்பதை உயிரியலும் ஒலியியலும் துணைகொண்டு சோதித்துப் பார்க்கலாம்.

இவர்களைப் பொதுவாகக் 'குவாஞ்சே' மக்கள் என்பார்கள். சரியாகச் சொன்னால் அது டெனரீஃப் தீவினருக்கு மட்டும் உரிய பெயர். இவர்களுடைய முன்னோர், கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் வட ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்த பெர்பர் இனத்தார். ஆடு வளர்த்தார்கள், பார்லி பயிரிட்டார்கள். எரிமலைத் தீவுகளில் உலோகத் தாது கிடைப்பதில்லை. எனவே எரிமலைக் கண்ணாடிக் கல்லை உடைத்துக் கத்தியாகப் பயன்படுத்தினார்கள். 1341-இல் இங்கு வந்த ஒரு கப்பல் பயணக் குழு, இவர்கள் எண்களைச் சொல்லும் சொற்களைக் கேட்டு எழுதிவைத்தது. பெர்பர் மொழிகளோடு உறவைக் காட்டும் சான்றுகளுள் அதுவும் ஒன்று. தானியத்தை வறுத்து அரைத்த இவர்களுடைய மாவுக்கு 'கோஃபியோ' என்று பெயர். அந்த மாவும் பெயரும் இன்றும் தீவுகளின் சமையலறைகளில் இருக்கின்றன.

தீவுகளைப் பிடிக்கும் வேலை 1402-இல் லன்சரோட்டேயில் தொடங்கி 1496-இல் டெனரீஃபில் முடிந்தது. இரும்பும் குதிரையும் கொண்ட படைகளைக் கல்லும் மர ஈட்டியும் கொண்டு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு தடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பிறகு கொலை, நோய், அடிமை வாணிகம் ஆகிய மூன்றும் சேர்ந்துகொண்டன. லா கோமெரா தீவில் 1488-இல் மக்கள் தங்கள் ஸ்பானியத் தலைவனைக் கொன்றபோது, அதற்குப் பழிவாங்கும் முறையில் ஆண்கள் பெருந்திரளாகக் கொல்லப்பட்டனர். பெண்களும் சிறுவர்களும் அடிமைகளாக விற்கப்பட்டனர். எஞ்சியோர் ஞானஸ்நானம் பெற்றுப் பெயரை மாற்றிக்கொண்டனர். கிரான் கனாரியா தீவின் தலைவர் தெனெசோர் செமிதான் என்பவர் ஃபெர்னாண்டோ ஆனார். ஆனதோடு நில்லாமல், டெனரீஃபைப் பிடிக்கும் போரில் ஸ்பானியருக்குத் துணையாகவும் நின்றார். சில தலைமுறைகளுக்குப் பின் ஏடுகளில் யார் குவாஞ்சே, யார் ஸ்பானியர் என்று பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று.

ஏடு மறைத்ததை உயிரணு மறைக்கவில்லை. நம் உயிரணுக்களில் மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணுறுப்புகள் உள்ளன. அவற்றுக்கெனத் தனியே ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். ஒய் குரோமோசோமோ தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். ஆகவே ஒன்று தாய்வழியையும் மற்றொன்று தந்தைவழியையும் காட்டும். குவாஞ்சேக்கள் தங்கள் இறந்தோரில் சிலரைப் பதப்படுத்திக் குகைகளில் வைத்திருந்தார்கள். அவ்வெலும்புகளிலும் பற்களிலும் கிடைத்த டி.என்.ஏ.யை இன்றைய தீவினரின் டி.என்.ஏ.யோடு ஒப்பிட்டார்கள்.

முடிவு கருத்தைக் கவர்வது. இன்றைய தீவினரின் தாய்வழி மரபில் சுமார் 40 விழுக்காடு அல்லது அதற்கும் மேல் பழங்குடியினருடையது. இத்தீவுகளுக்கே உரிய ஒரு தாய்வழிப் பிரிவு லா கோமெராவில் மிகுதியாகக் காணப்படுகிறது. தந்தைவழி மரபிலோ பழங்குடியினரின் பங்கு அதைவிட மிகக் குறைவு. வெற்றிக்குப் பின் அது தொடர்ந்து சரிந்தும் வந்திருக்கிறது. 'கலப்பு' என்ற மென்மையான சொல்லுக்குள் என்ன நடந்தது என்பதை இந்த இரண்டு எண்களின் வேறுபாடே சொல்லிவிடுகிறது. ஆண்களில் பலர் சந்ததியின்றி ஒழிந்தார்கள். பெண்கள் வென்றவர்களின் வீடுகளில் தாய்மார்கள் ஆனார்கள்.

இங்கே மாணவர்கள் ஓர் எச்சரிக்கையை மனத்தில் கொள்ள வேண்டும். 500 ஆண்டு என்பது ஏறக்குறைய 20 தலைமுறை. 20 தலைமுறைக்கு முன் ஒருவருக்கு இருக்கக்கூடிய மூதாதையர் இடங்கள் 2-இன் 20-ஆம் அடுக்கு, அதாவது 10 லட்சத்துக்கும் மேல். (ஒரே ஆள் பல இடங்களில் வருவார் என்பது வேறு கதை.) அத்தனை பேரில் ஒரே ஒரு பெண்ணின் வழியைத்தான் மைட்டோகாண்டிரியா காட்டுகிறது. எனவே முழு டி.என்.ஏ.யையும் பார்த்தாக வேண்டும். 2017-இல் வெளியான ஓர் ஆய்வு அதைச் செய்தது. கிரான் கனாரியாவில் இன்று வாழ்வோரின் மரபில் 16 முதல் 31 விழுக்காடு குவாஞ்சேக்களுடையது என்று அது கணித்தது. அழிந்துபோன இனத்துக்கு இது மிகப் பெரிய பங்கு அல்லவா?

இனி ஒலிக்கு வருவோம். லா கோமெரா சிறிய தீவு. பரப்பு சுமார் 370 சதுரக் கிலோமீட்டர்தான். ஆனால் அதன் நடு மலை 1,487 மீட்டர் உயரம். மலையிலிருந்து கடல்வரை ஆழமான பள்ளத்தாக்குகள் பிளந்து கிடக்கின்றன. எதிர்ச் சரிவில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவார். அவரிடம் போய்ச் சேர இறங்கி ஏறப் பல மணி நேரம் ஆகும். அங்கே மக்கள் சீழ்க்கையால் பேசிக்கொண்டார்கள். இது 'வா', 'போ' என்ற சைகை அன்று, முழு வாக்கியங்கள்! ஒரு விரலை மடித்து வாயில் வைத்து நாக்கை அழுத்திக்கொண்டு ஊதுவார்கள். உயிரெழுத்துகள் சுருதியின் ஏற்ற இறக்கமாகின்றன. 'இ' உயர்ந்த சுருதி, 'ஒ' தாழ்ந்தது. மெய்யெழுத்துகள் சுருதியின் திடீர் வளைவாகவோ சிறு இடைவெளியாகவோ ஒலிக்கின்றன.

குரலைவிடச் சீழ்க்கை ஏன் தொலைவு போகிறது? சாதாரணப் பேச்சு 1 மீட்டர் தொலைவில் சுமார் 60 டெசிபெல். தேர்ந்தவரின் சீழ்க்கை 100 டெசிபெலைத் தாண்டும். 40 டெசிபெல் கூடுதல் என்றால் ஒலிச்செறிவு 10,000 மடங்கு. செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், தொலைவு 100 மடங்கு ஆகலாம். பேச்சு 30 மீட்டர் கேட்குமானால் சீழ்க்கை 3 கிலோமீட்டர் கேட்க வேண்டும். காற்றும் ஓரளவு ஒலியை உறிஞ்சுவதால் நடைமுறையில் தொலைவு சற்றுக் குறையும். பேச்சின் ஆற்றல் பல அதிர்வெண்களில் சிதறிக் கிடக்கிறது. சீழ்க்கையின் ஆற்றலோ ஒரு குறுகிய பட்டையில் குவிகிறது. அந்தப் பட்டை 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள எல்லைக்குள் மேலும் கீழும் நகர்கிறது. அதற்குக் கீழே காற்றின் இரைச்சலும் அலையின் இரைச்சலும் ஒலியை மூழ்கடிக்கும். அதற்கு மேலே காற்று ஒலியை வெகுவாக உறிஞ்சிவிடும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் இந்த எல்லைக்குள்தான். மலை ஆட்டிடையர்கள் ஆய்வுக்கூடம் இல்லாமலே சரியான இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்!

இது பழங்குடியினரின் வழக்கம்தானா? 1402 படையெடுப்போடு வந்த பாதிரியார்கள் எழுதிய குறிப்பில், லா கோமெரா மக்கள் நாக்கு இல்லாதவர்கள்போல உதடுகளால் பேசுகிறார்கள் என்றொரு செய்தி இருக்கிறது. அது சீழ்க்கையைத்தான் குறிக்கிறது என்று பலர் கருதுகிறார்கள். மொராக்கோவின் அட்லஸ் மலைப் பெர்பர்களிடம் இன்றும் சீழ்க்கைப் பேச்சு உண்டு என்பதும் இதற்கு வலுச் சேர்க்கிறது.

ஆனால் இன்று லா கோமெராவில் சீழ்க்கையடிக்கப்படுவது ஸ்பானிய மொழி. தோற்றவர்களின் சொற்கள் போய்விட்டன; சொற்களை ஏற்றிச் சென்ற வண்டியில் வென்றவர்களின் மொழி ஏறிக்கொண்டது. ஸ்பானியர்தாம் சீழ்க்கையைக் கற்க வேண்டியிருந்தது, மலை அப்படி! இயல்பாக நடந்த இந்த மாற்றத்தைக் குவாஞ்சேத் தாய்மார்களே பிள்ளைகள் மூலம் நடத்தியிருக்கக்கூடும் என்பது என் ஊகம்.

2005-இல் மூளைப் படமெடுத்து ஒரு சோதனை செய்தார்கள். சீழ்க்கைப் பேச்சு தெரிந்தவர்கள் அதைக் கேட்டபோது, மூளையில் மொழிக்குரிய இடது பகுதிகள் இயங்கின. தெரியாதவர்களுக்கு அப்படி இல்லை. அவர்களுக்கு அது வெறும் ஒலி.

சாலையும் தொலைபேசியும் வந்த பிறகு சீழ்க்கைக்கு வேலை குறைந்தது. இளைஞர்கள் பிழைப்புக்காக வேறு தீவுகளுக்கும் அயல்நாடுகளுக்கும் போனார்கள். 1999-இல் லா கோமெராப் பள்ளிகளில் அது கட்டாயப் பாடமாக்கப்பட்டது. 2009-இல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. நம் வகுப்பில் சீழ்க்கையடித்தவனை வெளியே நிறுத்துகிறோம். அங்கே வாயைத் திறந்து சீழ்க்கை வரவில்லையென்றால், விரலை எந்த மடிப்பில் வைக்க வேண்டும் என்று ஆசிரியர் பக்கத்தில் நின்று காட்டுகிறார்.