வாசலில் நிற்பவரை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்!

லாரி வந்து நிற்கிறது. கட்டில், பீரோ, பாத்திர மூட்டை என்று ஒவ்வொன்றாக இறங்குகின்றன. எது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று வீட்டுக்காரிக்கே தெரியவில்லை. குழந்தை பசியில் அழுகிறது. அந்த நேரம் பார்த்துக் கதவை யாரோ தட்டுகிறார்கள். முன்பின் அறியாத ஓர் அம்மாள். கையில் ஒரு தூக்குச்சட்டி.

"பக்கத்து வீடுதான். சாம்பார் சாதம் கொண்டு வந்தேன். குழந்தைக்கென்று காரம் குறைத்துப் போட்டிருக்கிறேன்."

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

நம்மில் பலர் சொல்வது இதுதான்: "ஐயையோ! உங்களுக்கு எதற்குச் சிரமம்? நாங்கள் ஓட்டலில் வாங்கிக்கொள்கிறோமே!" மரியாதை என்று நினைத்துத்தான் சொல்கிறோம். ஆனால் அந்த அம்மாளின் காதில் அது எப்படி விழுகிறது?

நம் நாட்டில் ஒரு வீட்டுச் சோற்றை வேண்டாம் என்பதற்குக் கசப்பான அர்த்தம் ஒன்று உண்டு. இன்னார் வீட்டில் கை நனைக்கலாம், இன்னார் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சாதி பார்த்தவர்கள் நாம். அந்த வழக்கம் இன்னும் முழுவதும் ஒழியவில்லை. உங்கள் மனதில் அப்படி ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். வாசலில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்? வீடு திரும்பி, ஆறிய சாதத்தைப் பார்த்து, 'நம்மை என்னவென்று நினைத்தார்களோ' என்று அவர் மனம் கலங்கினால் குற்றம் அவருடையது அல்ல. அடுத்த பத்து வருஷம் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்க வேண்டியவர்கள் நீங்கள் இருவரும்!

ஆகவே, இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே கூப்பிடுங்கள். நாற்காலி இன்னும் இறங்கவில்லையா? பாய் போதும். குழந்தைக்கு அவர் கண் முன்பே ஒரு வாய் ஊட்டுங்கள்.

வந்தது மீன் குழம்பு, நீங்களோ சைவம். அப்போது? மூடி மறைக்க வேண்டாம். "எங்களுக்குப் பழக்கமில்லை அம்மா. சாயங்காலம் உங்கள் வீட்டுக்கே வருகிறேன், எனக்கு ஒரு காப்பி கொடுங்கள்" என்று சொல்லுங்கள். சொன்னபடி போய்க் குடியுங்கள். அந்த ஒரு டம்ளர் காப்பியில் சந்தேகமெல்லாம் தீர்ந்துவிடும்.

பாத்திரம் திரும்புவது எப்படி?

வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது பாட்டிமார் போட்ட சட்டம். ஒரு பிடி சர்க்கரை, இரண்டு வாழைப்பழம் போதும். சிலர் மறுநாளே ஒரு கிலோ மைசூர்பாகோடு போய் நிற்கிறார்கள். வேண்டாம். அது கணக்குத் தீர்ப்பதாகிவிடும். மொய்தான் கணக்கு. நோட்டில் பெயரெழுதி, அவர்கள் வீட்டு விசேஷத்தில் ஒன்றுக்கு மேல் சேர்த்துத் திருப்பிச் செய்வது. எதிர்பாராமல் வரும் பரிசுக்கு நோட்டு கிடையாது. மெதுவாக, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ செய்தால் போதும்.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர், பல நாட்டுப் பழக்கங்களை ஆராய்ந்து 1925-ல் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். கொடுப்பது எப்படிக் கடமையோ, அப்படியே வாங்கிக்கொள்வதும் கடமை, திருப்பிச் செய்வதும் கடமை என்பது அவர் கண்ட முடிவு. வாங்க மறுப்பது பகையை அறிவிப்பதற்குச் சமம் என்றும் எழுதினார். நம் பாட்டிமாருக்கு இதைச் சொல்ல பாரீஸிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை!

நாலு கடியாரம்

சொந்த வீட்டுக் கிரகப்பிரவேசம் என்றால் சங்கடம் வேறு மாதிரி. சுவர்க் கடியாரம் மட்டும் நாலு வந்துவிடும். கொடுத்தவர் எதிரிலேயே, "இதுவும் கடியாரமா?" என்று சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் கடைத்தெருவில் அரை நாள் அலைந்து வாங்கியிருப்பார். கூடத்துக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று, பெரியவர் அறைக்கு ஒன்று என்று மாட்டிவிடலாம். மிச்சத்தை வேறு யாருக்காவது கொடுப்பதில் தவறில்லை. எவர்சில்வர் பாத்திரமானால் மட்டும் திருப்பிப் பாருங்கள். அடியில் கொடுத்தவர் பெயரை வெட்டியிருப்பார்கள்!

எல்லாவற்றிலும் கவனம் வேண்டியது எளியவர் தரும் பரிசுக்குத்தான். வீட்டு வேலை செய்யும் அம்மாள் ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கி வருகிறார். "உனக்கு எதற்கு இந்த வீண் செலவு?" என்று வீட்டுக்காரி கேட்கிறார். அதோடு விடாமல் இருநூறு ரூபாயை எடுத்து நீட்டுகிறார். இரக்கம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விருந்தாளியாக வந்தவரை அந்த இருநூறு ரூபாய் மறுபடியும் வேலைக்காரியாக ஆக்கிவிட்டது. குடத்தை வாங்கி, அப்போதே கழுவி, தண்ணீர் பிடித்து வைத்திருக்க வேண்டும். வந்தவர்களுக்கு அதிலிருந்தே மொண்டு கொடுத்திருக்க வேண்டும்.

அப்படியானால் எதைக் கொடுத்தாலும் வாங்கிவிடுவதா? இல்லை. உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருப்பவர் தங்கக் காசோடு வந்தால் கும்பிட்டுத் திருப்பி அனுப்புங்கள். தமிழக அரசு ஊழியர்கள் பரிசு வாங்குவதற்கு 1973-ம் ஆண்டு நடத்தை விதிகளிலேயே கட்டுப்பாடு இருக்கிறது.

ஜப்பானில் வேறு மாதிரி

புது வீட்டுக்குள் நாம் முதலில் கொண்டுபோவது உப்பும் மஞ்சளும் நிறைகுடமும். ஜெர்மனியில் புதுக் குடித்தனத்துக்கு அக்கம்பக்கத்தார் ரொட்டியும் உப்பும் கொடுக்கும் பழக்கம் உண்டு. உப்பு எங்கும் ஒன்றாயிருப்பது வேடிக்கைதான்! ஜப்பானில் இது தலைகீழ். குடிவந்தவர்தான் பரிசோடு போய்க் கதவைத் தட்ட வேண்டும். எதிரே மூன்று வீடு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு வீடு என்பது அங்கே பழைய கணக்கு. முன்பு பக்வீட் என்ற தானிய மாவில் செய்த, சேமியா போன்ற 'சோபா' என்ற உணவு கொடுத்தார்கள். இப்போது துண்டு, சோப்பு, பிஸ்கோத்து என்று ஏதாவது கொடுக்கிறார்கள்.

நமக்கும் அதற்கு வழி இருக்கிறது. பால் காய்ச்சும் அன்று உறவினர்களுக்கு மட்டும் ஊற்றிவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்க்காமல், எதிர் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இரண்டு டம்ளர் கொடுத்தனுப்பலாம். பிள்ளைகள் கையிலேயே அனுப்புங்கள். பாதி வழியில் சிந்திவிடும், பரவாயில்லை. அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், என்ன பெயர், எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்.