பொது விநியோகத் திட்டத்தில் பயனாளிகளைத் தெரிவுசெய்தல்: இலக்குமுறையும் அனைவர்க்குமான முறையும்

முன்னுரை

உணவுப் பற்றாக்குறை விளைச்சல் குறைவால் மட்டும் நேர்வதன்று. 2001ஆம் ஆண்டில் இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் தானியம் நிரம்பியிருந்தபோதே, இராஜஸ்தானில் வறட்சிக்குள்ளான மக்கள் பட்டினி கிடந்தனர். இம்முரணைச் சுட்டியே மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இருக்கும் தானியம் யாரைச் சென்று சேரும் என்பதைப் பயனாளிகளைத் தெரிவுசெய்யும் முறையே பெரிதும் தீர்மானிக்கிறது. அம்முறையின் விளைவுகளை இக்கட்டுரை விளக்குகிறது.

இலக்குமுறையின் தோற்றம்

1997 ஜூன் வரை பொது விநியோகத் திட்டம் கொள்கையளவில் குடும்ப அட்டை பெற்ற அனைவர்க்கும் உரியதாக இருந்தது. மானியத்தை ஏழைகளிடம் குவிக்கும் நோக்கில், அவ்வாண்டு நடுவண் அரசு இலக்கு நோக்கிய பொது விநியோகத் திட்டத்தைக் கொணர்ந்தது. குடும்பங்கள் வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ளவை, மேலுள்ளவை எனப் பகுக்கப்பட்டன.

இருவகைப் பிழைகள்

இத்தகைய பகுப்பில் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. தகுதியற்றோர் பட்டியலில் இடம்பெறுவது சேர்த்தல் பிழை. தகுதியுடையோர் விடுபடுவது விலக்கல் பிழை. கூலித்தொழிலாளரின் வருவாய் பருவத்திற்கேற்ப மாறுகிறது; அதற்குச் சான்றும் இல்லை. ஒருமுறை எடுத்த கணக்கோ பல்லாண்டுகள் மாறாது நிற்கிறது. எனவே, ஏழையை அடையாளங்காண்பதே இத்திட்டத்தின் நலிந்த கண்ணியாகிறது. மானிய விலைத் தானியத்தில் ஏறத்தாழ 58 விழுக்காடு வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள குடும்பங்களைச் சென்றடையவில்லை எனத் திட்டக்குழுவின் 2005ஆம் ஆண்டு மதிப்பீட்டறிக்கை கண்டது. அடையாளங்காண்பதில் நேர்ந்த பிழைகளும் முறைகேடுகளும் அதற்குக் காரணங்களாகச் சுட்டப்பட்டன.

தமிழ்நாட்டின் வழி

தமிழ்நாடு 1997க்குப் பின்னரும் அனைவர்க்குமான முறையைக் கைவிடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. அரிசி வேண்டாதோர் சர்க்கரை அட்டையோ, எப்பொருளும் வேண்டாத அட்டையோ பெறலாம். இங்கு விலகல் என்பது குடும்பத்தின் விருப்பம், அலுவலரின் தீர்ப்பன்று. நடுத்தரக் குடும்பங்களும் அதே கடைக்கு வருவதால், எடை குறைந்தாலும் தரம் தாழ்ந்தாலும் எதிர்ப்பு எழுகிறது. இதற்கு விலையும் உண்டு. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கு நடைமுறைக்கு வந்தபோது, மாநில மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரே அதன் வரம்பிற்குள் வந்தனர். எஞ்சியோர்க்கான கூடுதற் செலவை மாநிலமே ஏற்கிறது.

இன்றைய சிக்கல்

2013ஆம் ஆண்டின் அச்சட்டம் ஊரக மக்களுள் 75 விழுக்காட்டினரையும் நகர்ப்புற மக்களுள் 50 விழுக்காட்டினரையும் உச்சவரம்பாகக் கொள்கிறது. இவ்விகிதங்கள் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்மேல் பொருத்தப்பட்டதால், பயனாளிகளின் எண்ணிக்கை சுமார் 81 கோடியில் நிலைத்தது. 2021இல் எடுக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. ஒதுக்கீடு நிரம்பிய மாநிலங்களில், பின்னர்ப் பிறந்த குழந்தையும் புதிதாகத் தனிக்குடித்தனம் புகுந்தோரும் வேறொருவர் பெயர் நீங்கும்வரை காத்திருக்க நேர்கிறது.

முடிவுரை

இருவகைப் பிழைகளையும் ஒரே நிறையில் வைத்தல் பொருந்தாது. சேர்த்தல் பிழையின் இழப்பு கருவூலத்தில் பரவி நிற்கும். விலக்கல் பிழையின் இழப்பு ஒரே குடும்பத்தின் உலையில் விழும். நிதிவளம் குன்றிய மாநிலங்கள் தமிழ்நாட்டின் வழியை முழுமையாகப் பின்பற்றுதல் எளிதன்று. ஆயினும், வறுமை மிக்க வட்டாரங்களிலேனும் அனைவர்க்கும் வழங்குதலும், மக்கள்தொகை மாற்றத்திற்கேற்ப ஒதுக்கீட்டை ஆண்டுதோறும் திருத்துதலும் விலக்கல் பிழையைக் குறைக்கும்.