இரண்டாவது ஃபிளாட் வாங்கலாமா?

கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “பத்து வருஷம் முன்னாடி வாங்கினது சார், இப்ப ரெண்டு மடங்கு.” கேட்பவருக்கு வயிறு எரியும். எரிய வேண்டியதில்லை. பத்து ஆண்டில் இரட்டிப்பு என்றால் ஆண்டுக்கு 7.2 சதவீத வளர்ச்சிதான். 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீத வட்டி தரும் பி.பி.எஃப். கணக்கில் போட்ட தொகையும் பத்து ஆண்டில் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கும். அதுவும் வரியில்லாமல், தண்ணீர் லாரிக்கு போன் போடாமல். ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் அதில் போட முடியாது என்பது வேறு விஷயம்.

குடியிருக்க வாங்கும் முதல் வீட்டை நான் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். வீட்டுக்காரர் எப்போது காலி செய்யச் சொல்வாரோ என்ற கவலை ஒழிவதற்கு விலை போட முடியாது. கேள்வி, கடன் வாங்கி வாடகைக்கு விடும் இரண்டாவது ஃபிளாட்டைப் பற்றியது.

சென்னைப் புறநகரில் கட்டிக்கொண்டிருக்கும் ஆயிரம் சதுர அடி ஃபிளாட், விலை 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீத ஜி.எஸ்.டி. 4 லட்சம். 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரையுள்ள புது ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 7 சதவீதம், அது 5.6 லட்சம். சாவி கைக்கு வருமுன்பே 90 லட்சத்தைத் தொட்டாயிற்று. மர வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. வாடகை மாதம் 20,000 வந்தால் ஆண்டுக்கு 2.4 லட்சம். ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் போகும் ஒரு மாதம், சொத்து வரி, பெயின்ட் எல்லாம் போக 2.1 லட்சம் நின்றால் பெரிது. போட்ட பணத்துக்கு இரண்டரை சதவீதம்கூட இல்லை.

கடன் 60 லட்சம், வட்டி 8.5 சதவீதம், 20 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 52,000. வாடகை போக மீதி 32,000 சம்பளத்திலிருந்து போகும். பத்தாம் ஆண்டு முடிவில் வங்கிக்குக் கட்டியிருப்பது 62 லட்சம். அசல் பாக்கி இன்னும் 42 லட்சம்! விற்கும்போது லாபத்தில் 12.5 சதவீதம் வரி. 2024 ஜூலை 23-க்குப் பின் வாங்கிய வீட்டுக்கு, விலைவாசி உயர்வைக் கழித்துக் கணக்குப் போடும் பழைய சலுகையும் கிடையாது.

அப்படியானால் ஃபிளாட்டில் யாருமே காசு பார்க்கவில்லையா? பார்த்தார்கள். அவர்கள் கையில் இருந்தது கட்டடம் அல்ல, மண். பத்திரத்தில் ‘பிரிக்கப்படாத பாகம்’ என்று ஒரு வரி இருக்கும், புரோக்கர்கள் யு.டி.எஸ். என்பார்கள். கட்டடத்துக்கு வயதாக ஆக மதிப்பு இறங்கும், ஏறுவது இந்த மனைப் பங்குதான். இரண்டு கிரவுண்டில் எட்டு வீடு கட்டிய பழைய மாடிக் கட்டடத்தில் ஆளுக்கு 600 சதுர அடி மண் உண்டு. வானளாவிய புதுக் கட்டடத்தில் அதே அளவு வீட்டுக்கு அதில் பாதி கிடைத்தாலே அதிகம். நீச்சல் குளமும் ஜிம்மும் விளம்பரத்தில் பக்கம் பக்கமாக இருக்கும், யு.டி.எஸ். எவ்வளவு என்று மட்டும் நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

தி.நகர், அடையாறு பக்கம் பழைய கட்டடங்களை இடித்துக் கட்டும்போது, பில்டர் பழைய உரிமையாளருக்குப் புது வீடு தருவது இந்த மண்ணுக்காகத்தான். முன்பு ஒரே ஒருவர் முரண்டு பிடித்தாலும் வேலை நின்றுவிடும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும்.

முதலீடு என்று வாங்கியே தீருவேன் என்பவருக்கு நான் காட்டுவது இந்தப் பழைய ஃபிளாட்டைத்தான். ஆனால் மறுவிற்பனைப் பதிவுக்கு 9 சதவீதம் போகும். முப்பது, நாற்பது வயதுக் கட்டடத்துக்கு நீண்ட காலக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும். கையில் ரொக்கம் உள்ளவருக்கே அது சரிப்படும்; மாதம் 32,000 துண்டு விழுபவருக்கு அல்ல.