களவுப் படமும் கரைவலைப் பங்கும்

களவாகத் தரவிறக்கும் தமிழகப் படத்தால் சென்னை முதலாளிக்கே நட்டம் என்னும் வாதம் புத்தளக் கரையோரத்திலும் கேட்கின்றது. முற்போக்குத் தோற்றமுடையதாயினும் அது ஏற்கத்தக்கதன்று. உடப்புக் கரைவலையில் மீன் களவு போயின் சம்மாட்டியின் பங்கு மட்டுமா குறையும்? வலையிழுப்போர் பங்கும் குறையும். திரைத் தொழிலாளர் பங்காளரல்லர், கூலிக்காரரே. எனினும் அடுத்த படம் எடுக்கப்படாவிடின் கூலியேது? ‘பொன்மணி’ (1977), ‘வாடைக்காற்று’ (1978) வழிவந்த ஈழத்துச் சினிமாவோ இலவசத்தோடு போட்டியிட வேண்டியதாகின்றது.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் சொந்தப் பயனுக்கு ஒரு பிரதியெடுக்க இடமளிக்கின்றது. ஆனால் மூலப் பிரதி சட்டபூர்வமானதாயிருத்தல் வேண்டும். களவுப் பிரதிக்கு அச்சலுகை இல்லை. இணையத்தில் அதனை வழங்குவோரும் அறச்சாலை நடத்துவோரல்லர்: விளம்பரமும், சிலவேளை கோப்போடு நுழையும் தீநிரலுமே அவர்தம் வருவாய். வங்கிக் கணக்கும் அதே கைத்தொலைபேசியிலேயே உள்ளது.