தொட்டிலுக்கு முன்னால் பதினைந்து வாரம்

அஞ்சாம் மாச ஸ்கேன் முடிந்து வந்த அன்றைக்குச் சாயந்திரம் அம்மா கோபியிலிருந்து போன் செய்தாள். குழந்தை நல்லா இருக்குதுன்னு சொன்னதும் அடுத்த கேள்வி இதுதான்: "அப்ப பெரியவள இந்த வருசமாச்சும் இஸ்கூல்ல போட்டுருவீல்ல கண்ணு?"

மகளுக்கு எட்டு வயசு. யூகேஜியோடு நிறுத்தி வீட்டில்தான் படிக்க வைக்கிறோம். ஏன் நிறுத்தினோம் என்பது வேற கதை, இங்கே வேண்டாம். அம்மா இதைக் கேட்பது புதுசில்லை. வழக்கமா ஒரு சிரிப்போட தட்டிக் கழிச்சுடுவேன். இந்தத் தடவை முடியவில்லை. ஏன்னா அவள் அடுத்து சொன்னாள்: "நான் தொட்டில் ஆட்டறதுக்குன்னு அஞ்சாவதோட நின்னவ. அது உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். எனக்கு இரண்டு மாமன்கள், ஒரு சித்தி. மூணு பேர் தொட்டிலையும் ஆட்டியது அம்மாதான். எங்க ஊர்ப் பக்கம் அந்தத் தலைமுறையில் மூத்த பெண் பிள்ளைகள் நிறையப் பேருக்கு இதே கதை. யாரும் "பள்ளிக்கூடம் போகாதே" என்று சொல்லவில்லை. "இன்னிக்கு ஒருநாள் இரு" என்றுதான் சொன்னார்கள். வீட்டுக்கல்வி என்ற பேரில் அதையே நானும் செய்துவிடுவேனோ என்பதுதான் அம்மாவின் பயம். இப்போது எனக்கும் அது வந்துவிட்டது. இந்த வருசத் திட்டத்தை உட்கார்ந்து கணக்குப் போட்டது அதனால்தான்.

முதலில் சட்டம். பலர் கேட்கிறார்கள். 2009இன் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை பொருந்தும். அதில் 10ஆவது பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால் அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் இல்லை. வீட்டுக்கல்வி என்ற சொல்லும் இல்லை. அனுமதியும் இல்லை, தடையும் இல்லை, நடுவில் ஒரு சந்து. வீட்டில் படிப்பவர்கள் அந்தச் சந்தில்தான் நடக்கிறோம். பெரும்பாலோர் போய்ச் சேர்கிற இடம் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. அங்கே பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைந்திருந்தால் போதும். ஒருமுறை பதிந்தால் ஐந்து வருசத்துக்குள் ஒன்பது தடவை வரை எழுதிப் பார்க்கலாம். அதாவது என் மகளுக்குப் பரீட்சை என்று ஒன்று வர இன்னும் ஆறு வருசம் இருக்கிறது.

எனக்கு உதவியது அதே சட்டத்தின் வேறு இரண்டு பிரிவுகள். 4ஆவது பிரிவின்படி, பள்ளிக்கே போகாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குத் தனிப்பயிற்சியும் தர வேண்டும். 15ஆவது பிரிவின்படி, சேர்க்கைக் காலம் முடிந்த பிறகு வந்தாலும் இடமில்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஆக, ஜூன்லயே முடிவு பண்ணிடணும்னு கட்டாயம் இல்லை. செப்டம்பரில் கூடக் கதவு திறந்திருக்கும். இது தெரிந்ததும் பாதி பாரம் இறங்கிப்போச்சு.

இனி கணக்கு. அதே சட்டத்தின் அட்டவணை ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரை வருசத்துக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் பாடம் என்று சொல்கிறது. நாளைக்கு நாலு மணி நேரம். ஆனால் அது முப்பது பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்று வைத்துப் போட்ட கணக்கு. வருகைப் பதிவு, வரிசை, சத்தம், நோட்டுத் திருத்தம் எல்லாம் அதற்குள் வரும். ஒரே பிள்ளையோடு உட்கார்ந்தால் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் எங்களால் தாக்குப்பிடிக்க முடிந்ததே இல்லை. இங்கிலாந்தில் சார்லட் மேசன் என்ற ஆசிரியை (1842–1923) நூறு வருசத்துக்கு முன்னாலேயே சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் 20 நிமிசத்தைத் தாண்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பாமல் முதல் வருசம் நாற்பது நிமிசம் வைத்துப் பார்த்தேன். அழுகையில் முடிந்தது, ரெண்டு பேருக்கும்.

டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி அக்டோபர் 18. குறித்த தேதியிலேயே பிறக்கிற குழந்தைகள் இருபதில் ஒன்றுதான் இருக்கும். 37 வாரம் ஆனதுமே எப்போ வேண்டுமானாலும் என்று தயாராக இருக்க வேண்டியதுதான். அதனால் 36 வாரம் முடிகிற செப்டம்பர் 20ஐ என் வருசத்தின் கடைசி நாளாக வைத்தேன். ஜூன் 1இலிருந்து அதற்குச் சரியாகப் பதினாறு வாரம். ஸ்கேன், காய்ச்சல், ஆடி நோம்பிக்கெல்லாம் ஒரு வாரம் போனால் பதினைந்து. வாரம் அஞ்சு நாள், நாளுக்கு ரெண்டு மணி நேரம்: 150 மணி. பிறகு பொங்கல் வரை ஒன்றும் இல்லை. ஜனவரி 18இலிருந்து மே கடைசி வரை பத்தொன்பது வாரம், வாரம் நாலு நாள், ஒன்றரை மணி நேரம்: 114. மொத்தம் 264 மணி. பள்ளியின் 800இல் மூன்றில் ஒரு பங்கு.

நடுவில் அந்த நாலு மாசத்தை ஏன் சுத்தமாக விட்டேன் என்று வீட்டுக்காரர் கேட்டார். "காலைல ஒரு மணி நேரம் முடியாதா?" பச்சைக் குழந்தை நாளைக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், ஆண்களுக்கு அந்த வரி மட்டும் ஞாபகம் இருக்கும். அந்தத் தூக்கம் ரெண்டு மூணு மணி நேரத் துண்டுகளாக வரும். பாலூட்டுவது நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை. பத்துத் தடவை, தடவைக்கு அரை மணி என்று வையுங்கள்: ஐந்து மணி நேரம். பள்ளியின் நாலு மணி நேரத்தை விட அதிகம்! அதுபோக சிசேரியன் ஆனால் உடம்பு தேற ஆறு வாரமாவது ஆகும். முதல் பிரசவத்தில் எனக்கு அப்படித்தான் ஆனது. மாதிரிக் கால அட்டவணைகள் நிறையப் பார்த்துவிட்டேன், குழந்தை தூங்கும்போது கணக்குப் பாடம் என்று போட்டிருப்பார்கள். குழந்தை தூங்கும்போது தாயும் தூங்க வேண்டும்.

சரி, 150 மணி நேரத்தில் என்ன சொல்லித் தருவது? முதலில் எல்லாப் பாடமும் எழுதி வைத்திருந்தேன். காஸ் வன அருங்காட்சியகம், கொடிசியா பக்கத்து அறிவியல் மையம், சிங்காநல்லூர் குளத்தில் பறவை பார்ப்பது என்று ஊர் சுற்றல் வேற. ஒரு வாரம் கழித்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தபோது வேறு கேள்வி வந்தது. அக்டோபரில் நான் கட்டிலில் கிடக்கும்போது இவள் நானில்லாமல் என்ன செய்ய முடியும்?

பதில் சங்கடமாக இருந்தது. இவளுக்குத் தமிழ் இன்னும் சரளமாகப் படிக்க வரவில்லை. எழுத்து 247ம் தெரியும். ஆனால் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிக்கிறாள். மூணு வரி போனால் முதல் வரி மறந்துவிடும். நாங்கள் கதை வாசித்துக் காட்டியே காலத்தை ஓட்டிவிட்டோம். பாவம், அவள் மேல் தப்பில்லை. படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு நாலு மாசம் விடுமுறை. படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அதே நாலு மாசம் தொட்டில் கயிறு. அம்மாவுக்கு நடந்ததும் இதுதானே!

அதனால் மற்றதையெல்லாம் அடித்துவிட்டேன். பதினைந்து வாரமும் தமிழ் வாசிப்பு, கூடவே கொஞ்சம் கணக்கு. பாடநூல் கழகத்தின் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, இறக்கி அச்செடுத்தாயிற்று. ஒரே பக்கத்தை மூணு நாள் திரும்பத் திரும்ப வாசிப்பது, முதல் நாள் சேர்ந்து, மூணாம் நாள் தனியாக. அருங்காட்சியகம் எங்கேயும் ஓடிப்போகாது.

பிரசவம் இங்கேயே. ரெண்டாவதுக்கு அம்மா வீடு போவது எங்கள் பக்கம் கட்டாயமில்லை, ஆனால் கட்டுச்சோறு விருந்து முடிந்ததும் மகளை மட்டும் முதலில் கோபிக்கு அனுப்பலாம் என்று இருக்கிறோம். அப்பா இருக்கிறார். கொடிவேரியிலிருந்து வருகிற தடப்பள்ளி வாய்க்கால் தண்ணீர்தான் அவர் வயலுக்கு. ஏக்கருக்கு நூறு சென்ட், சென்டுக்கு 435.6 சதுர அடி என்று வரப்பில் நின்று சொல்லுவார், நான் சொன்னால் மண்டையில் ஏறாதது அங்கே ஏறும். அதை மட்டும் பாடக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் தாத்தா வாத்தியார் ஆகிவிடுவார், அப்புறம் அவரிடமும் போக மாட்டாள்.

வீட்டில் ஒரு விதி எழுதி ஒட்டியிருக்கிறோம்: பாப்பாவைத் தூக்குவது, ஆட்டுவது எல்லாம் அவளுக்கு ஆசை இருந்தால் மட்டும். படிக்கிற பிள்ளையை யாரும் கூப்பிடக் கூடாது, நானும்கூட. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மாமியாரிடம் இன்னும் காட்டவில்லை.

அம்மாவிடம் ஒரு நாள் கேட்டு வாங்கியிருக்கிறேன்: ஆகஸ்ட் 31. அன்றைக்கு மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் அவள் படிக்காத ஒரு பாடத்தை அம்மாவே பிரித்துக் கொடுப்பாள். மகள் தனியாகப் படித்து, என்ன படித்தாள் என்று சொல்ல வேண்டும். முடியவில்லை என்றால் மறுநாளே பக்கத்து அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. 15ஆவது பிரிவு இருக்கிறது. அது தோல்வி என்று நான் நினைக்கவில்லை. அப்படி நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் சரி. "பரீட்ச வெக்கற வாத்தியாரே நாந்தானா?" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோசம்.

நேற்று காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். அன்னூர் வழியாகப் போகிற சத்தி வண்டி. மகள் போர்டைப் பார்த்து "சத்..தி..ய.." என்று ஆரம்பித்தாள், "மங்" வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த வண்டிக்குப் பத்து நிமிசம் நின்றோம், போர்டுக்காக. நாங்கள் ஏற வேண்டியது அது இல்லை.